பூவரசடியில் எழுதாத கல்

ஒரு பெண்ணிடமிருந்து அவள் கணவனின் கல்லறையைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வார்த்தையைப் பெரிதாக்கவில்லை, நடந்தது அதுதான். அதற்கு ஓர் ஆணியும் ஒரு மதிய வேளையும் போதுமாக இருந்தன.

நம் வயதுக்காரர்கள் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு பாட்டன், பூட்டன் என்று போய்விடுகிறது. பேரப்பிள்ளைகள் எங்கிருந்தோ கேட்கிறார்கள், நாம் யார் வழி, எங்கிருந்து வந்தோம் என்று. நீங்களும் வளையாத முதுகை வளைத்துக் கல்லறைத் தோட்டங்களில் கற்களைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறீர்கள். சென்ற மாதம் உங்களில் ஒருவர் எனக்கும் ஒரு படம் அனுப்பி, “நீ சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன், இதை வாசித்துச் சொல்” என்று கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. அவர் தவறாக நினைத்திருப்பார். தேய்ந்த கல்லை வாசித்துச் சொல்லும்படி யார் கேட்டாலும் எனக்கு வாய் வருவதில்லை. ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில், பேருந்துச் சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கடலை ஒட்டி இருந்தது. மாதா கோயிலின் முகப்பு கடலைப் பார்க்கும். அதன் முதுகுப்புறம் கல்லறைத் தோட்டம். தோட்டம் என்பது பெயருக்குத்தான். மணல், அடும்பங்கொடி, நண்டு வளைகள், ஒரு பெரிய பூவரசு, அவ்வளவே. கரையில் சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பார்கள். அந்த வாடை கல்லறைகள் வரை வந்து தங்கும். கொழும்பிலிருந்து வந்த பெரியவர் முதல் நாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டபோதுதான் எங்கள் ஊருக்கு ஒரு வாடை இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

அவர் காலாண்டுப் பரீட்சை முடிந்த வாரம் வந்தார். தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, அங்கிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் குடை, நாய் கடித்தது போல ஓரம் பிய்ந்த ஒரு தோல் பை. கொழும்புத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் பங்குச் சாமியாரின் பங்களாவில் தங்கிக்கொண்டார்.

அவர் தேடி வந்தது தன் பாட்டனாரின் கல்லறையை. பாட்டனார் எங்கள் ஊர்க்காரர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பாய்விரித்து ஓடிய தோணி ஒன்றுக்குத் தண்டல். தோணியை நடத்திப் போகும் தலைவனை அப்படித்தான் சொல்வோம். கடைசிக் காலத்தில் ஊருக்கு வந்து இங்கேயே இறந்தார். அவர் மகனைச் சிறு பிள்ளையாகவே கொழும்புக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அந்த மகன் தன் பிள்ளையிடம் சொல்லி வைத்தது இவ்வளவுதான்: கல்லில் நங்கூரம் கொத்தியிருக்கும், பக்கத்தில் ஒரு மரம் நிற்கும்.

“அப்ப நங்கூரம் உள்ள கல்லை மட்டும் தேடினால் போதாதா?” என்று முதல் நாளே கேட்டேன்.

“ஒண்டை மட்டும் தேடினா கிடையாது, தம்பி” என்றார். “எல்லாத்தையும் எழுதுவம். ஒரு கல்லு விடாம எழுதிக்கொண்டு போனா, அது தானா வந்து நிக்கும்.”

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அதனால் வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் தடங்கலில்லாமல் வாசிப்பவன் என்று சாமியார் என்னை அனுப்பி வைத்தார்.

தேய்ந்த கல்லை வாசிக்க அவர் வழி வைத்திருந்தார். இரும்பு படக் கூடாது. தென்னை மட்டையைத் தட்டிப் பிரஷ் போல ஆக்கி மணலைத் தள்ள வேண்டும். பிறகு கல்லின்மேல் அரிசி மாவைத் தூவி உள்ளங்கையால் மெல்லத் தேய்த்தால், மேலே உள்ள மாவு விலகிப் பள்ளத்தில் உள்ளது தங்கும். எழுத்து வெள்ளையாக எழும்பும். அதற்கும் எழும்பாத கல்லுக்குக் கண்ணாடி. வீட்டுச் சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய், வெயிலைப் பிடித்துக் கல்லின் பக்கவாட்டில் அடிப்பேன். வெளிச்சம் கல்லைத் தடவிக்கொண்டு சாய்ந்து போகும்போது, இல்லாத எழுத்துக்கு நிழல் விழும். இறந்தவர்கள் மூச்சு விட்டது போல இருக்கும். எத்தனையோ கற்களில் அதைப் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை போனபோது இன்னொரு வேடிக்கை. முந்தின நாள் தேய்த்த மாவைத் தின்ன எறும்புகள் வந்திருந்தன. எழுத்தின் பள்ளத்துக்குள்ளேயே வரிசை கட்டி நின்றதால், நாங்கள் வாசிக்க முடியாமல் விட்ட ஒரு வரி கறுப்பாக, தெளிவாக நின்றது. பெரியவர் குனிந்து பார்த்து அசையாமல் நின்றார். அதன்பின் கடினமான கற்களுக்கெல்லாம் சாயங்காலமே மாவு தேய்த்து வைத்துவிட்டு எறும்புகளிடம் விட்டுவிடுவோம்.

என் அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. “செத்தவியளுக்கு மாவு தூவிட்டு வாரான். உசுரோட இருக்கவியளுக்கு ஆப்பத்துக்கு இல்ல” என்று அப்பாவிடம் சொல்வாள். “கண்ணாடியவும் தூக்கிட்டுப் போயிட்டான். நான் எதப் பாத்துப் பொட்டு வைக்க, தண்ணிக் கொடத்தப் பாத்தா?” அப்பா சிரிப்பார். அவருக்குப் பெருமை. மகன் படித்தவர்களோடு சேர்ந்து ஏதோ படித்த வேலை செய்கிறான் என்ற பெருமை. நான் செய்ததில் ஒரு பங்கு அந்தப் பெருமைக்கும் உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் வாசித்தவை இன்றும் நினைவில் இருக்கின்றன. புள்ளி வைக்காத பழைய தமிழ். தமிழ் எண்களில் வருடம். போர்ச்சுக்கீசுப் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் கொத்தன் திணறிய இடங்கள். ஒரு கல்லில் மண்டை ஓடும் இரண்டு எலும்பும். ஒரு கல்லில் ஒரு பெண்ணின் பெயர் இல்லாமல் ‘இன்னாருடைய பெண்சாதி’ என்று மட்டும். ஒரே மாதம் போட்ட சின்னஞ்சிறு கற்கள் ஒரு வரிசை முழுவதும். கொழும்புப் பெரியவர் அது காலரா என்றார். கோயில் வேலைகளைப் பார்க்கும் மெலிஞ்சியார் அது தோணி கவிழ்ந்தது என்றார். இருவரும் அடித்துச் சொன்னார்கள். இருவருக்கும் தெரியாது.

மெலிஞ்சியார் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், வேடிக்கை பார்ப்பார், புகையிலை போடுவார். “எனக்குக் கல்லு கில்லு வைக்காதீய” என்று ஒரு நாள் சொன்னார். “செத்த பொறவாவது யாரும் என்னத் தேடாம இருக்கட்டும்.”

கற்களுக்கு நடுவே இங்கும் அங்கும் துடுப்புகள் ஊன்றியிருந்தன. பல உளுத்துப் போயிருந்தன. பெரியவர் அது என்ன என்று கேட்டார்.

“கடல்ல போயி கெடைக்காதவிய” என்றார் மெலிஞ்சியார். “ஒடம்பு வந்தாத்தான பெட்டி. வராதவியளுக்கு அவிய கைபட்டது ஒண்ண ஊண்டி, சாமி மந்திரிச்சிருவாரு.”

“பேர் எழுதுறதில்லையோ?”

“எழுதப்படாது. எழுதிட்டா முடிஞ்சுபோச்சுல்லா. எங்கனயாவது கரையேறிக் கெடந்தா?”

பெரியவர் தலையசைத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போனார். எழுத்து இல்லாதவை எங்கள் வேலையில் சேரவில்லை. அவற்றைத் தாண்டிப் போவோம்.

அப்படித் தாண்டிப் போனவற்றில் ஒன்று பூவரசடியில் இருந்தது. தட்டையான ஒரு பழைய பாறைக்கல்லின்மேல், துளையிட்ட ஒரு கல் நின்றது. சங்கு குளிப்பவர்கள் கயிற்றில் கட்டிக் காலை மாட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும் கல். சில வருடங்களுக்கு முன்னால் சங்குக்குப் போய்த் திரும்பாத ஒரு குளியாளுடையது. அவருடைய மனைவி எங்கள் தெருக்கோடியில் இருந்தாள். கருவாட்டுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களுக்குப் போய் நெல்லுக்கு மாற்றி வருவாள். எனக்கு முறைக்கு மாமி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகனோடு பூவரசடிக்குப் போவாள். முந்தானையால் அந்தக் கல்லையும் அடிக்கல்லையும் துடைப்பாள். உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வாள். மகன் நண்டு வளையைத் தோண்டிக்கொண்டிருப்பான்.

“ஸ்ரீவைகுண்டத்துல ஒரு மகராசி, நெத்திலிய மோந்து பாத்துட்டு வேண்டாங்கா. மோந்து பாக்குறதுக்கு அது என்ன மல்லியப்பூவா?” என்று கல்லிடம் கேட்பாள். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் பையன்கள் சிரிப்போம். அவளுக்குக் கேட்கும். கேட்டும் நிறுத்த மாட்டாள்.

அக்டோபர் பாதி தாண்டிவிட்டது. பள்ளி திறந்துவிட்டதால் மாலையிலும் சனி ஞாயிறிலும் மட்டுமே வேலை நடந்தது. மதிலோரத்து வரிசை ஒன்றுதான் மிச்சம், நங்கூரம் வரவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்குத் திரி ஏற்றும் ஆத்துமாக்கள் திருநாள் முடிந்ததும் பெரியவர் திரும்பியாக வேண்டும். இங்கே தங்க அவருக்குக் கொடுத்த அனுமதி அவ்வளவுதான். அவர் பேச்சு குறைந்துவிட்டது. நான் வாசிப்பதை எழுதும்போது, வாசித்து முடிப்பதற்குள் அடுத்த கல்லைப் பார்க்க ஆரம்பித்தார்.

பல வருடம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது, அவர்மேல் இரக்கப்பட்டுத்தான் அதைச் செய்தேன் என்று. அது உண்மை இல்லை. இரக்கம் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் என்னை அந்த மதியம் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்க வைத்தது வேறு. அவர் தேடும் நங்கூரம் ஒரு கல்லில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை. எறும்பு வரிசையைக் குச்சியால் கலைத்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பது போன்ற ஆசை.

மாமி ஊரில் இல்லை. அண்ணன் மகள் பிரசவத்துக்கு மகனையும் கூட்டிக்கொண்டு மணப்பாடு போயிருந்தாள். ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்தது. குளியாள் கல்லைக் கொஞ்சம் நகர்த்தினேன். அடியில் இருந்த தட்டைக்கல் மிருது. தோணிப் பலகையிலிருந்து கழன்ற ஒரு பெரிய ஆணியால் நங்கூரத்தின் வளையத்தையும் ஒரு கொக்கியையும் மட்டும் கீறினேன். முழுதாகக் கீறவில்லை, முழுதாக இருக்கும் கல்லை நான் பார்த்ததே இல்லையே. கீழே ‘தண்’ என்று இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு ‘ல்’. எழுத்து எப்படித் தேயும், ஓரம் எப்படி மழுங்கும் என்று அந்த மனிதரிடம்தான் கற்றிருந்தேன். ஈர மணலால் தேய்த்து ஓரங்களை மழுக்கினேன். களிமண்ணைப் பூசித் துடைத்தேன். அவர் கற்றுத் தந்ததை வைத்து அவரையே ஏமாற்றினேன்.

அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், அதன் அடியில் யாரும் இல்லை. ஆகவே யாருக்கும் நஷ்டம் இல்லை என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் நான் எதையும் கூவிச் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்ததாக இருக்கக் கூடாது என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது. மரத்தடியில் கொஞ்சம் நிழலில் இருப்போம் என்றேன். கண்ணாடியைச் சும்மா திருப்புவது போலத் திருப்பினேன். வெளிச்சம் அடிக்கல்லின் ஓரத்தில் ஓடியது.

“தம்பி. திருப்பாதயும். அப்பிடியே பிடியும்” என்றார். மண்டியிட்டு விரலால் தடவினார். வளையம், கொக்கி. அவருடைய விரல் திரும்பத் திரும்ப அந்த வளையத்துக்கே போனதை நான் வேடிக்கை பார்த்தேன். “கீழ ஏதோ இருக்கு. என்ன எண்டு பாரும்.”

“‘த’ மாதிரி இருக்கு. அடுத்தது ‘ண்’. பொறவு தெரியல.”

“தண்டல்” என்றார். “தண்டலோ?”

“இருக்கலாம்” என்றேன்.

அவர் வெள்ளைக் கால்சட்டையோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. குடையை எடுத்து விரித்து, தன் தலைக்குப் பிடிக்காமல் அந்தக் கல்லுக்குப் பிடித்தார்.

சாமியார் வந்து பார்த்தார். மெலிஞ்சியார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“சாமி, இது குளியாள் கல்லுல்லா. அந்தப் புள்ள மணப்பாட்டுக்குப் போயிருக்கா. வந்த பொறவு ஒரு வார்த்த கேட்டுக்கிடலாம்.”

“குளியாள் கல்லுக்குக் கீழே உடம்பு இல்லை” என்றார் சாமியார். அவர் வெளியூர்க்காரர், நல்லவர், எதையும் யோசித்துத்தான் சொல்வார். “தெரியாம பழைய கல்லறை மேல கொண்டுவந்து ஊன்றியிருக்காங்க. உடம்பு இருக்குறவங்களுக்குத்தான் முதல் இடம். அவளுக்கு வேற பக்கம் ஊன்றி நானே மந்திரிச்சுக் கொடுக்கறேன்.”

நான் போட்ட அதே கணக்கு. பன்னிரண்டு வயதுப் பையனும் குருமடத்தில் படித்தவரும் ஒரே விடைக்கு வந்திருந்தோம். தோண்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

தூத்துக்குடியிலிருந்து கொத்தனார் வந்தார். சிமெண்டுத் திண்டு கட்டி, பாட்டனார் பெயரும் முழு நங்கூரமும் கொத்திய வெள்ளைப் பளிங்கைப் பதித்தார். குளியாள் கல்லை மதிலோரம் சாய்த்து வைத்தார்கள். அதை யாரோ கட்டுமரத்துக்கு நங்கூரமாக எடுத்துப் போய், கயிறு அறுந்து கடலில் விட்டுவிட்டதாகப் பின்னால் தெரிந்தது. மதிலோரத்து வரிசையைப் பெரியவர் வாசிக்கவே இல்லை. தேடியது கிடைத்துவிட்டதே.

ஆத்துமாக்கள் திருநாள் அன்று மாலை கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி. நான் புதுச்சட்டை போட்டுப் பெரியவர் பக்கத்தில் நின்றேன். மாமி மத்தியானம்தான் ஊர் திரும்பியிருந்தாள். அவளிடம் சொல்லும் வேலையை ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்திருப்பார் என்று விட்டிருந்தார்கள். கையில் திரியும் கனகாம்பரமுமாக மகனைப் பிடித்துக்கொண்டு நேராகப் பூவரசடிக்கு வந்தவள், பளிங்கைப் பார்த்து நின்றாள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“சாமி, எங்க வீட்டுக்காரவிய கல்லு எங்க?”

சாமியார் பொறுமையாக விளக்கினார். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

“அதுல ஒண்ணும் எழுதலியே சாமி. நான் தொடச்ச கல்லு. ஒரு கீறல் கெடையாது.”

“மேலே கல் இருந்ததால உனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. படிக்கிற பிள்ளை, அவன் வாசிச்சிருக்கான்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஏலே, நீ வாசிச்சியா?”

“வாசிச்சேன்.”

“என்னப் பாத்துச் சொல்லு.”

“வாசிச்சேன் மாமி.”

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள் எழுத்தைப் பற்றி வழக்காடுகிறாள் என்ற பார்வை. பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. “அம்மா, நீங்களும் இதிலயே ஏத்தலாம். ரெண்டு பேருக்குமா இருக்கட்டும்” என்றார்.

“வேண்டாம் ஐயா. உங்களுக்கு உங்க பாட்டனாரு கெடச்சிருக்காரு. வச்சுக்கிடுங்க.”

மகன் அவள் சேலையை இழுத்தான். “அப்ப அப்பா இங்கன இல்லியாம்மா?”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மதில் இடிந்து கிடந்த மூலைக்குப் போய் வெறும் மணலில் திரியை ஊன்றினாள். சாமியார் இரண்டு முறை சொல்லியனுப்பியும் அங்கே எதையும் ஊன்றி மந்திரிக்க அவள் சம்மதிக்கவில்லை. ஊன்ற அவளிடம் எதுவும் இல்லை.

நான் படித்தேன். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்தினேன். கல்வெட்டை நம்பும் முன் அதைக் கொத்தியவனுக்கு என்ன லாபம் என்று கேளுங்கள் என்று வருடா வருடம் மாணவர்களிடம் சொன்னேன். ஊருக்கு வந்தால் தெருக்கோடிப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். மாமியின் மகன் கொஞ்சம் வளர்ந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு வருவதை நிறுத்தினான். பிறகு கொச்சிக்கு விசைப்படகு வேலைக்குப் போய்விட்டான்.

பல வருடங்களுக்குப் பிறகு கொழும்புப் பெரியவர் இறந்த செய்தி பங்குச் சாமியாருக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போது நான் சொல்லவில்லை. அவர் மகளுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அப்பா அந்தப் பளிங்கின் புகைப்படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தார், நீங்கள் எது சரியோ செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை.

மாமியைக் கரையில் போய்ப் பார்த்தேன். கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது.

“மாமி, அந்தக் கல்லுல நான்தான் ஆணியால கீறுனேன்.”

“தெரியும்.”

“அப்ப ஏன் யாருட்டயும் சொல்லல?”

நிமிர்ந்து பார்த்தாள். “சொன்னேனே. சாமிட்டச் சொன்னேன். ஒங்கிட்டயும் கேட்டேன்.”

அவள் மறுபடி குனிந்துகொண்டாள். “எனக்கு எதுக்கு வந்து சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே. எம் மவன்ட்டப் போயிச் சொல்லு. அவந்தான் நம்பிட்டான்.”

கொச்சிக்குப் போனேன். மீன்பிடித் துறைமுகத்தில் அவனைக் கண்டுபிடித்தேன். முழுவதையும் கேட்டான். கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். “அதுக்கென்ன சார் இப்போ? எங்கப்பா கடல்லதான இருக்காரு. நானும் அதுலதான கெடக்கேன்” என்றான். என்னை அத்தான் என்று கூப்பிட்டு வளர்ந்தவன் சார் என்றான். அந்த வருடம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவன் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை.

ஊர்க்கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், பையன் வயதில் செய்தது என்றார்கள். பளிங்கை எடுக்க அனுமதி கொடுத்தார்கள். திண்டை இடித்து மணலைப் பரப்பிச் சுத்தமாக்கி, மாமியைக் கூட்டிப் போய்க் காட்டினேன். பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம்.”

“இது உங்க எடம் மாமி.”

“இருந்துச்சு. இத்தன வருசமா அந்த மூலையில இருந்துதான் பேசுதேன். அவியளுக்கும் இப்ப அந்த எடந்தான் தெரியும். மறுபடி மாத்துனா எங்கனன்னு தேடுவாவ?”

மதிலோரத்து வரிசையை ஒரு விடுமுறையில் நானே மாவும் கண்ணாடியுமாக உட்கார்ந்து வாசித்தேன். நங்கூரம் இல்லை. இடையில் ஒரு வருடம் மதிலை எடுத்துக் கட்டியபோது சில கற்களை எழுத்து உள்ளே போகும்படி வைத்துப் பூசிவிட்டார்களாம். அந்தத் தண்டல் அதற்குள் இருக்கலாம். ஆக, நான் செய்த பரிகாரத்தில் குளியாளுக்கு இடம் திரும்பவில்லை, தண்டலுக்குக் கிடைத்திருந்த பொய் இடமும் போயிற்று. மரத்தடியில் ஒரு பாய் அளவு வெறும் மணல் மிஞ்சியது.

அதுவும் மிஞ்சவில்லை. ஒரு மழைக்காலத்தில் என் அம்மா இறந்தாள். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்வதற்குள் குழி வெட்டியாயிற்று. மற்ற பக்கமெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது, பூவரசடி ஒன்றுதான் மேடு, உங்கள் பேச்சால்தானே அந்த இடம் காலியாயிற்று என்றார் கமிட்டித் தலைவர். வேறு இடம் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். மழை பெய்துகொண்டிருந்தது, அப்பா நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார், எல்லோரும் காத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை.

அந்த வருடம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அம்மாவின் குழிமேட்டில் திரி ஏற்றினேன். மாமி வழக்கமான மூலையில் உட்கார்ந்திருந்தாள். கடல் காற்றில் அவளுடைய திரி அணைந்துகொண்டே இருந்தது. அவளும் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாள். பார்வை மங்கியிருந்ததால் என்னைத் தெரியவில்லை.

“அங்கன நிக்கது யாரு?”

யார் என்று சொன்னேன்.

“யாருக்கு ஏத்துத?”

“அம்மைக்கு.”

தீக்குச்சியை உரசினாள். கையால் மறைத்து மறுபடியும் ஏற்றினாள். “அங்கன காத்து அடிக்காதுல்லா” என்றாள். “மரம் மறைச்சிக்கிடும். நின்னு எரியும், பாரு.”

அவள் குரலில் குத்தல் இல்லை. ஒரு வீட்டில் முன்பு குடியிருந்தவர், புதிதாக வந்தவருக்கு எந்தச் சன்னலில் காற்று வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

அவள் சொன்னது சரிதான். எங்கள் திரி கடைசிவரை நின்று எரிந்தது.